கம்பத்தடி மேளத்துக்கு இடம் விடுங்கள்: நோம்பிக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டும் ஊர்க் கமிட்டியார் அனைவருக்கும் வணக்கமுங்க.

சாமிக்கென்று கம்பம் என்கிற மரத்தண்டை நட்ட நாள் தொட்டு அதைப் பிடுங்கி ஆற்றிலோ வாய்க்காலிலோ விடுகிற நாள் வரைக்கும், பொழுது சாய்ந்தால் கோயில் முன்னால் மேளம் கொட்டுகிறது. டிக்கெட் கிடையாது, அழைப்பிதழைக் காட்டச் சொல்பவர் கிடையாது. மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர் டிபன் கேரியரை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு இரண்டு சுற்று ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஈரோட்டில் பங்குனி வந்தால் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் என்று மூன்று கோயிலிலும் கம்பம். கரூரில் வைகாசி, கம்பம் அமராவதிக்குப் போகிற அன்று ஊரே ஆற்றங்கரையில் நிற்கும். உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் பூவோடு என்கிற தீச்சட்டி எடுப்பவர்களை மேளம்தான் நடத்திக்கொண்டு போகிறது.

2007-இல் சென்னை சங்கமம் பூங்காக்களிலும் தெருக்களிலும் நாட்டார் கலைகளைக் கட்டணமில்லாமல் கொண்டுவந்தது. 2015-இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் குடியிருப்பில் கர்நாடக இசையும் நாட்டார் கலையும் சேர்ந்த விழா நடந்தது. இரண்டையும் நாடு பேசியது, பேச வேண்டியதுதான். அதே மாதிரி இலவச இசை விழாவை நம் ஊர்கள் வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, வருசம் தவறாமல் நடத்தி வருகின்றன. அதை நடத்தி வந்த கமிட்டிகளுக்கு முதலில் எங்கள் நன்றி. மேளம் அடிப்பவர்களும் சவுண்டு சர்வீஸ் பார்ப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: கம்பத்தடியில் மேளம் முதலில் இருக்கட்டும், பாக்ஸ், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, அதற்குத் துணையாக இருக்கட்டும். இப்போது பல ஊர்களில் இது தலைகீழாகிவிட்டது. அதைத் திருப்புவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. சில அளவுகளைச் சரியாக வைத்தால் போதும்.

இடத்திலிருந்து தொடங்குவோம். கம்பத்தைச் சுற்றி ஆடுகிற ஒருவருக்குக் கை வீசித் திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும். 40 பேர் ஒரே வட்டத்தில் ஆடினால் சுற்றளவு 60 மீட்டர், குறுக்களவு 19 மீட்டர். ஆகவே கம்பத்திலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் 10 மீட்டர் வெறும் தரையாக இருக்கவேண்டும். மேடையை இந்த வட்டத்துக்குள் நீட்டிப் போடுவதும், முன்வரிசையில் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டுக் கயிறு கட்டுவதும்தான் ஆட்டத்தை முதலில் நெரிப்பவை. நாற்காலி வெளியே போகட்டும். ஆடுகிறவர்கள் வெறுங்காலில் ஆடுகிறார்கள். பந்தல் போட்ட பிறகு ஆணி, கம்பித்துண்டு பொறுக்க இரண்டு பேரைக் காந்தக் கட்டையோடு ஒரு சுற்று விடுங்கள். தண்ணீர் தெளிப்பதிலும் கணக்கு உண்டு. அந்த வட்டம் சுமார் 314 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 2 லிட்டர் வீதம் 600 லிட்டர், அதாவது 200 லிட்டர் பேரல் மூன்று, நாலு மணி வாக்கில் தெளித்தால் ஏழு மணிக்குப் புழுதி அடங்கித் தரை இறுகியிருக்கும். டேங்கர் லாரியைத் திறந்துவிட்டால் சேறு. ஆறரை மணிக்குத் தெளித்தால் வழுக்கல். முழங்கால் பிசகுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது தோல். தப்பட்டை என்கிற பறையின் தோல் காற்றின் ஈரத்தைக் குடித்தால் தொய்ந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் தானே இழுத்து நிற்கும். சாயங்காலம் ஒரு கோடை மழை பெய்தாலோ, மார்கழி, தை மாதப் பனி இறங்கினாலோ ‘கிண்’ என்று வர வேண்டிய அடி ‘தொப்’ என்று விழும். அப்போது காய்ச்ச வேண்டும். பனையோலையோ வைக்கோலோ போட்ட சின்னத் தீ. தோல்பக்கம் தீயைப் பார்க்க, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தப்பட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் விளிம்பில் ஒட்டியிருக்கும் இடம் முதலில் விடும், பிறகு தோல் கிழியும். பனி இரவில் காய்ச்சிய சுருதி வெகுநேரம் நிற்பதில்லை. ஆகவே எட்டுத் தப்பட்டை இருந்தால் இரண்டு எப்போதும் தீயடியில் இருக்கும்படி ஆளை மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். “நிறுத்தாம அடிங்கப்பா” என்று மைக்கில் விரட்டாதீர்கள். அந்த இடைவேளை சோம்பலில் வருவதல்ல, தோல் கேட்பது.

அந்தத் தீக்கு ஒரு இடம் ஒதுக்குவதைக் கமிட்டிகள் மறந்துவிடுகின்றன. தென்னங்கீற்றுப் பந்தலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று பந்தலை நோக்கி அடிக்காத பக்கத்தில், டீசல் ஜெனரேட்டருக்கு எதிர்ப்புறமாக ஒரு குழி வெட்டி, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு குடம் தண்ணீரும் வையுங்கள். இடம் கொடுக்காத ஊரில் மேளக்காரர்கள் கிடைத்த மூலையில் காகிதத்தைக் கொளுத்துவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காய்ச்சவே வேண்டாத பிளாஸ்டிக் தோல் தப்பட்டைகள் வந்துவிட்டன. மழைநாளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடுத்தோலில் விழும் அடியின் கனம் அதில் வராது. முழுமேளமும் பிளாஸ்டிக்காகப் போவதை நாங்கள் விரும்பவில்லை.

இனி ஒலி. கமிட்டிக்காரர் பலர் “மேளம் பின்னால கேக்கறதில்லைங்க, அதான் பாக்ஸ்” என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். திறந்தவெளியில் ஒரே இடத்திலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். மேளத்துக்கு 2 மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்தால் 4-இல் 94, 8-இல் 88, 16-இல் 82, 32 மீட்டரில் 76. ஒருவரோடு ஒருவர் பேசுகிற குரலைவிட அது பலமடங்கு பெரிது. அதாவது 30 மீட்டருக்குள் நிற்கும் கூட்டத்துக்குத் தவிலுக்கும் தப்பட்டைக்கும் மைக்கே தேவையில்லை. பின்னால் கேட்காமல் போவதற்கு வேறு காரணம் உண்டு. பக்கத்தில் 18 அங்குல பேஸ் பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அது கொட்டும் அடிமட்ட ஒலிதான் துடும்பு என்கிற பெரிய மேளத்துக்கும், தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பிக்கும் உரிய வீடு. கீழ்மட்ட ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலுள்ள ஒலியை அது மூடிவிடும். மேல்மட்ட ஒலியால் கீழ்மட்டத்தை அப்படி மூட முடிவதில்லை. பாக்ஸின் முன்னால் தவில்காரர் தன் கையே தனக்குக் கேட்காமல் இன்னும் ஓங்கி அடிக்கிறார். விரலால் அடிக்கும் பக்கமான வலந்தலையில் விரல் வீங்குகிறது, தொப்பியில் பூவரசங்குச்சி தோலைக் கிழிக்கிறது, மறுநாள் அவரால் அடிக்க முடிவதில்லை. ஆகவே விதி எளிது: மேளம் அடிக்கும்போது பாட்டு ஓடக்கூடாது. பாட்டு வேண்டுமென்றால் மேளக்காரர் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள்.

கூட்டம் பெரிது, 60, 70 மீட்டர் வரை நிற்கிறது என்றால் மைக் வைக்கலாம். தவிலின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி. நாதசுரத்துக்கு, அதன் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். அரை மீட்டர் தள்ளி, சற்றுச் சாய்வாக, காற்றுக்கு நுரையுறை போட்டு வையுங்கள். நேராக வைத்தால் மேல்சுரங்கள் காதைக் குத்தும், ஆபரேட்டர் உடனே மொத்தத்தையும் குறைப்பார், அதோடு கீழ்சுரங்களும் போய்விடும். கூட்டத்தின் நடுவில் இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் கட்டும்போது தாமதம் வைக்காமல் விடுவது எல்லா ஊரிலும் நடக்கிற தப்பு. நம் கோடை இரவில் ஒலி நொடிக்கு 348 மீட்டர் போகிறது. முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் 40 மீட்டர் இடைவெளி என்றால் 115 மில்லிசெகண்டு. அதோடு 10, 15 கூட்டி 130 வாக்கில் மிக்ஸரில் வைத்தால், பின்னால் நிற்பவருக்கும் ஒலி மேளம் இருக்கும் பக்கத்திலிருந்தே வருவதுபோல் இருக்கும். வைக்காவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டிரண்டாகக் கேட்கும். வேகமாக அடிக்கும் உருட்டுச்சொல் எல்லாம் கூழாகிவிடும்.

கும்மிக்கு இது இன்னும் முக்கியம். காரமடைப் பக்கத்து பத்ரப்பன் அய்யா 2024-இல் பத்மஸ்ரீ பெற்றது வள்ளி ஒயில் கும்மிக்காக. அதற்குப் பிறகு கும்மி கற்கப் பெண்களும் பிள்ளைகளும் எல்லா ஊரிலும் வரிசை கட்டுகிறார்கள். மனசு நிறையப் பார்க்கிறோம். ஆனால் வட்டம் பெரிதாகப் பெரிதாகக் கைத்தட்டு சேராமல் போகிறது, பழி ஆடுகிறவர்கள் மேல் விழுகிறது. தப்பு அவர்கள் மேல் இல்லை. 30 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் ஸ்பீக்கரை ஒரு ஓரத்தில் வைத்தால், அந்த ஓரத்தில் நிற்பவருக்குப் பாட்டு உடனே கேட்கிறது, எதிர் ஓரத்தில் நிற்பவருக்கு 86 மில்லிசெகண்டு கழித்துக் கேட்கிறது. இருவரும் தாளத்தில் சரியாகத்தான் தட்டுகிறார்கள். அவரவர் காதுக்கு வந்த தாளத்தில் தட்டுகிறார்கள். ஸ்பீக்கரை வட்டத்தின் நடுவில் ஒரு தூணில், தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், தலைக்கு மேலாக, நாலு திசைக்கு நாலாகக் கட்டுங்கள். எல்லாருக்கும் ஒரே 15 மீட்டர், ஒரே 43 மில்லிசெகண்டு. கைத்தட்டு ஒன்றாக விழும். ஒலியளவும் பாதிக்குமேல் குறைத்துக்கொள்ளலாம். வாத்தியாரும் பாட்டுக்காரரும் அந்த நடுத்தூணருகிலேயே நின்று பாடவேண்டும், மேடையிலிருந்து வேண்டாம். இரண்டு வட்டமாக ஆடுவதென்றால் இரண்டும் ஒரே நடுவைச் சுற்றி அமையட்டும்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு விசயம், அவை உயிர் சம்பந்தப்பட்டவை. நோம்பித் தரை ஈரத்தரை. மஞ்சத்தண்ணி வேறு ஊற்றுகிறோம். ஸ்பீக்கர், விளக்கு, மைக் எல்லாவற்றுக்கும் முன்னால் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் லைன் கொடுக்கவே கூடாது. ஜெனரேட்டரின் உடம்புக்குத் தனி எர்த் கம்பி அடித்து ஈரமாக வையுங்கள். அடுத்து வயர். 50 மீட்டர் தூரத்துக்கு 20 ஆம்பியர் லோடை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புவயரில் இழுத்தால் 23 வோல்ட் வழியிலேயே போகும், வயரும் சுடும். 4 சதுர மில்லிமீட்டரில் 9 வோல்ட்டுக்குள் நிற்கும். ஆம்ப்ளிஃபையர் உறுமுவதும் திடீரென்று அணைவதும் பெரும்பாலும் இதனால்தான். மிஷினைத் திட்டிப் பயனில்லை. மேளத்துக்குத் துணையாக மட்டும் ஒலி வைத்தால் ஜெனரேட்டரும் பாதி அளவு போதும். மிச்சமாகும் பணம் மேளக்காரர் கூலிக்குப் போகலாம்.

நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவிக்கும் சேர்த்துத்தான். மாநில அரசு திருவிழா நாட்களுக்கு நள்ளிரவு 12 மணிவரை தளர்வு தரலாம், அதுவும் வருசத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் ஆகியவற்றைச் சுற்றி அரசு அறிவித்திருந்தால் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம். ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்கியே ஆகவேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? சொற்பொழிவு, பிரமுகர் மரியாதை, பொன்னாடை என்று ஒன்பதரை வரை இழுத்துவிட்டு, மேளம் இறங்கியதும் போலீசார் வந்து நிறுத்தச் சொல்கிறார்கள். ஆட்டம் அரைமணி நேரத்தில் முடிகிறது. ஆறரை மணிக்கே மேளத்தை இறக்குங்கள். பொன்னாடைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

காது பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு இது: 85 டெசிபலில் ஒருவர் நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பாக்ஸ் மேலேயே சாய்ந்து தூங்கும் குழந்தைகளை எல்லா நோம்பியிலும் பார்க்கிறோம். பாக்ஸைச் சுற்றி 4 மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள். நாற்காலிக்குக் கட்டிய கயிற்றை அவிழ்த்து இங்கே கட்டினாலே போதும். தினமும் அடிக்கும் மேளக்காரருக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுப்பதும் கமிட்டிச் செலவில் சேரட்டும்.

இப்போது மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். இந்த விழா கேட்பவருக்கு இலவசம். அதனாலேயே அடிப்பவருக்கு முழுக்கூலி கிடைத்தாக வேண்டும். பேசிய தொகை, எத்தனை ராத்திரி, எத்தனை ஆள், போக்குவரத்து யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். கால்வாசி முன்பணம், மீதி அன்றன்று ஆட்டம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்புமுன் கையில். “நோம்பி முடியட்டும், கணக்குப் பாத்துத் தர்றோம்” என்பதில் கழிந்துபோன கூலி ஏராளம். சாப்பாடு எல்லாரோடும் ஒரே பந்தியில், ஒரே இலையில். தப்பட்டைக்காரரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர் அடிக்கும் அடிக்கு உள்ளே சாமியாடுவது பல ஊரில் இன்னும் இருக்கிறது. அந்த வழக்கம் போகாமல் இதைப் பொதுவிழா என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தப்பட்டை வாத்தியாரையும் வாத்தியார் என்றே கூப்பிடுங்கள். வயசான மனுசரை ‘டேய்’ என்று மைக்கில் அழைக்கும் குரல் வெகுதூரம் கேட்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாத கலைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்னார் இத்தனை வருசமாக எங்கள் நோம்பியில் வாசிக்கிறார் என்று லெட்டர்பேடில் ஒரு சான்று தருவது உங்களுக்குப் பத்து நிமிட வேலை, அவருக்குப் பெரிய கை உதவி.

பழகும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி வேண்டும். கோவை மாலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் தவிலும் நாதசுரமும் சொல்லித் தருகின்றன. ஆனால் கம்பத்தாட்டத்து அடியும் அதற்கேற்ற கால்மாற்றும் அந்தந்த ஊர் மேளக்காரரிடம்தான் இருக்கின்றன. நோம்பி தொடங்கும் பூச்சாட்டுக்கு முந்தின 15 நாளும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கோயில் திடலைத் திறந்துவிட்டு, அவருக்குத் தனிக்கூலி கொடுத்துச் சொல்லித்தரச் சொல்லுங்கள். முதல் வாரம் பழைய டயரில் அடித்துப் பழகலாம். தப்பட்டையின் இரண்டு குச்சிகளான அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் கை வந்தபிறகு தோலுக்குப் போகட்டும். பழகாத கை நல்ல தோலை ஒரே நாளில் கிழித்துவிடும். பெண்பிள்ளைகளையும் சேருங்கள்.

கடைசியாகப் பதிவு. 1965-இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர் வாயால் நாடாவில் பதிந்து வைத்தார். அந்தக் குரல் இன்றைக்கும் கேட்கக் கிடைப்பது அந்த நாடாவினால்தான். நம் மேளங்களுக்கு எங்களுக்குத் தெரிந்து அப்படி எதுவும் இல்லை. செல்போனில் எடுத்த துண்டுகள் எல்லாம் பாக்ஸ் இரைச்சலில் கரகரக்கின்றன. வருசத்துக்கு ஒரு ராத்திரி, ஒலிபெருக்கி முழுதும் அணைத்துவிட்டு, மேளத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஜோடி மைக் நிறுத்தி, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதிந்து வையுங்கள். மிக ஓங்கிய அடிக்கு ஒலியளவு காட்டும் மீட்டர் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் ஒலி உடையாது. முதலில் வாசிப்பவர்களிடம் சம்மதம் கேளுங்கள். தேதி, ஊர், ஒவ்வொருவர் பெயரும் எந்தக் கருவியும், அடியின் பெயர் என்ன என்று அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு பிரதி கமிட்டியிடம், ஒன்று மேளக்காரர் வீட்டில், ஒன்று ஊர் நூலகத்தில்.

இதில் எதைத் தொடங்குவதானாலும் அடுத்த பூச்சாட்டுக்கு நாள் குறிக்கும் கூட்டத்துக்கு மேளக்காரர் ஒருவரையும் கும்மி வாத்தியார் ஒருவரையும் கூப்பிடுங்கள். உங்களுக்குப் போடுகிற அதே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, பாக்ஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுத் தீர்மானித்தது எதுவானாலும் சொன்ன நேரத்துக்குக் கருவியோடு வந்து நிற்கிறோமுங்க.

இப்படிக்கு,
கம்பத்தடியில் மேளம் அடிப்பவர்களும் சவுண்டு சர்வீஸ் பார்ப்பவர்களும்